பஸ் நிறுத்தம் வரைக்கும்

ஆவுடையப்பன் எனக்கு நாலடி முன்னால் போகிறான். நான் பின்னால் வருவது அவனுக்கு இன்னும் தெரியாது. துக்க வீட்டுக்கு வந்தவன் போகும்போது சொல்லிக்கொள்ள மாட்டான், வீட்டுக்காரனும் எழுந்து வாசலுக்கு வர மாட்டான், அதுதான் முறை, அவன் முறைப்படிதான் செய்தான். கோமதியின் படத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அரைமணி நேரம் இருந்தான். டம்ளரில் தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. ஒரு தடவை சுவிட்சுப் பலகையைப் பார்த்தான், அதில் ஒரு மூடி இல்லாமல் வயர் தெரிந்தது, அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். செருப்பை மாட்டும் சத்தம், கேட் சத்தம். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பத்து எண்ணியிருப்பேன். இவன் இப்போது போனால் இனி வர மாட்டான் என்று மனதில் ஓடியது, அது துக்கமாகக்கூட ஓடவில்லை, காலண்டரில் தேதி பார்ப்பதுபோல் ஓடியது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பொத்தான்களைத் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். கீழிருந்து போட்டதில் ஒன்று தவறிவிட்டது, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, திரும்பக் கழற்றிப் போட நின்றால் அவன் முக்குத் திரும்பிவிடுவான்.

இவன் கோமதிக்கு ஒரே தம்பி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், அறுபத்து மூன்று வயது, அம்பாசமுத்திரத்தில் வீடு. இன்றைக்கும் தெருவில் நடந்தால் தரையைப் பார்ப்பதைவிடக் கம்பியைத்தான் அதிகம் பார்ப்பான். நாற்பத்தேழு நாள் முன்னால் விடிகாலையில் போன் பண்ணி, புறப்பட்டு வா என்று சொன்னேன். என்ன அத்தான் என்று கேட்டான். வா என்று மட்டும் சொன்னேன். வந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நான்கு மாதம் படுக்கையில் இருந்தாள், பெரிய வியாதி, ஆஸ்பத்திரியில் தை மாதமே சொல்லிவிட்டார்கள், தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும், இஸ்திரி வண்டிக்காரனுக்குத் தெரியும், கூடப் பிறந்த தம்பிக்குத் தெரியாது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவன்தான் வாங்கிவந்து போட்டான். என்னிடம் பேசவில்லை. சுடுகாட்டில் பேசவில்லை. பதினாறுக்கு அவன் வரவில்லை, அவன் வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. இன்றைக்கு என்ன நினைத்தானோ, மூன்று மணி வெயிலில் வந்தான். பேசத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் நான் பேசுவேன் என்று நினைத்திருக்கலாம். சொல்லவேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராகத்தான் இருக்கிறது. சொல்லாதீங்க என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அதைச் சொன்னால் இவன் கோபம் முழுவதும் என்னை விட்டு இறங்கி அவள்மேல் போய் ஏறும். அவள் திரும்பி வந்து பதில் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் இந்தத் தெருவோடு சரி. அவள் சின்னப்பிள்ளையாக இருந்ததைப் பார்த்தவர்களில் இவன் ஒருவன்தான் பாக்கி. இவனும் போய்விட்டால் என் கோமதி கல்யாணத்தில் ஆரம்பித்தவளாக ஆகிவிடுவாள்.

தண்ணீர்த் தொட்டி முக்கில் இஸ்திரி வண்டி இசக்கிமுத்து என்னைப் பார்த்துவிட்டான். பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்கிறான். "என்ன சார், துட்டி கேக்க வந்தவரை வழியனுப்பவா போறீக? ஆகாது சார், கூடாது." அவன் குரல் எப்போதும் தெருவுக்கே கேட்கும். ஆவுடை நின்றான், திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தான். "நீங்க எங்க வாறீக?" என்றான். "சும்மாதான்டே" என்றேன், "பஸ் ஸ்டாப் வரைக்கும்." அவன் இசக்கிமுத்துவைப் பார்த்தான், இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல. இசக்கிமுத்து உதட்டைப் பிதுக்கினான். ஆவுடை திரும்பி நடந்தான். இப்போது நான் பக்கத்தில் நடக்கிறேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு நடை எனக்குத் தெரியும். முன்னால் போகிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் போவதும், கூட வருகிறவன் எதுவரை வருவது என்று தெரியாமல் வந்துகொண்டே இருப்பதும். அதில் அன்றைக்கு நான் முன்னால் போகிறவர்கள் பக்கம் இருந்தேன்.

அது தொண்ணூறாம் வருஷம், மலாவி தேசம். அந்தப் பெயரையே அதற்கு முன் நான் கேட்டதில்லை. கல்லூரியில் தாவரவியல் துறையில் உலர்செடி அறையைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் வேலை எனக்கு. படிப்பு எட்டாம் வகுப்பு. இங்கிலீஷை நான் செடிகளின் சீட்டுகளிலிருந்துதான் கற்றேன், அதனால் இலை, காம்பு, மலை, ஆற்றங்கரை எல்லாம் சொல்வேன், பசிக்கிறது என்று சொல்ல வராது. மாணவர்கள் ஒன்பது பேரையும் சங்கரநாராயணன் சாரையும் அங்கே ஒரு மிஷன் கல்லூரி அழைத்திருந்தது. முலாஞ்சே என்று ஒரு மலை, அதன் அடிவாரத்துக் காட்டில் மூன்று வாரம். செடிகளைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் கட்டும் மரச்சட்டத்தைப் பக்குவமாக இறுக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய தமிழ்ப் பேப்பர் ஒரு மூட்டை கொண்டுபோனேன். அங்கே பெண்கள் கால்சட்டை போடக் கூடாது என்று சட்டம் இருந்தது, சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தியாம்மா பெர்ஸிஸ், நம்ம ஊரு மாதிரிதான்" என்றார். பெர்ஸிஸ் கெட்டிக்காரப் பெண், "நம்ம ஊருல சட்டம் இல்ல சார், நீங்கதான் இருக்கீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். மக்காச்சோள மாவைக் கிண்டிக் களிபோலக் கொடுத்தார்கள், கையைக் கழுவ வீட்டுக்காரர்களே தண்ணீர் ஊற்றினார்கள், வலது கையால் உருட்டிச் சாப்பிட்டார்கள், இடது கையை நீட்டினால் முகம் மாறியது. ஒவ்வொன்றையும் பார்த்து நம்ம ஊரு மாதிரிதான், நம்ம ஊரு மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். யோசித்துப் பார்த்தால் எங்களைக் கெடுத்தது அதுதான். எல்லாம் வேறாக இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்திருப்போம்.

ஆவுடை டயர் கடையைத் தாண்டும்போது மேலே பார்க்கிறான். வேப்பங்கிளை ஒன்று கம்பியில் உரசிக்கொண்டிருக்கிறது. "வெட்டச் சொல்லணும்" என்கிறான். என்னிடமா, கிளையிடமா, தெரியவில்லை. நான் "ஆமா" என்கிறேன். என் ஆமா அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த நேரத்தில் சொல்லிவிடலாம். அவ சொன்னதாலதான்டே. நாலு வார்த்தைகூட இல்லை. காலரை அமுக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறேன். மாசி மாதம் ஒரு மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பூனைக் கையால் தள்ளிவிட்டுச் சொன்னாள். "தம்பிகிட்டச் சொல்லாதீங்க. வந்து உக்காந்து அழுவான். அவன் அழுதா அப்படியே எங்க அம்மை முகம். எனக்குத் தாங்காது." சரி என்றேன். மறுபடி வாய் திறந்தாள், கஞ்சிக்காக. அவ்வளவுதான் நடந்தது. சத்தியம் வாங்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நான் அதற்கப்புறம் ஒரு நாள்கூட அதைப் பற்றி யோசிக்கவில்லை. இவன் வாரம் ஒருமுறை போன் பண்ணுவான், அக்கா எங்க என்பான், தூங்குறா என்பேன். பாதி நாள் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், அதனால் அது பொய் மாதிரிகூட இல்லை.

மலாவியில் எங்களுக்குக் காட்டில் வழி காட்டுவதாக இருந்தவர் பெயர் நாமசாசு. அறுபது வயதிருக்கும், ஒல்லி, ஒரு காக்கிக் கோட்டு. முதல் நான்கு நாள் வந்தார், ஐந்தாம் நாள் வரவில்லை. அவர் மனைவி இறந்துவிட்டதாக எங்கள் டிரைவர் கம்வெண்டோ வந்து சொன்னான். போய்த் துக்கம் கேட்கவேண்டும் என்று சார் சொன்னார், அது சரிதான், அவர் நல்ல மனுஷர். ஜீப்புக்கு டீசல் வாங்க கம்வெண்டோ போகவேண்டியிருந்தது, அதனால் அங்கே எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டான், நாங்கள் திரும்புவது நடைதான், ஐந்து மைல். அந்த வீட்டில் பெண்கள் உள்ளே பாயில் உட்கார்ந்து பாட்டுப்போல அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே மரத்தடியில் பேசாமல் இருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான், யாராவது வந்து என் தோளைத் தொட்டு, வாங்க என்று தமிழில் சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். நாங்களும் உட்கார்ந்தோம். கால்மணி நேரம் ஆனதும் சார் மெதுவாக எங்கள் பக்கம் குனிந்து, "எந்திரிங்க. யாரும் சொல்லிக்கிட்டுக் கிளம்பாதீங்க, துக்க வீட்டுல அது கூடாது" என்றார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, யாரையும் பார்க்காமல், சத்தமில்லாமல் வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தால் நாமசாசு பின்னால் வருகிறார்.

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ஆட்டோ வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. ஆவுடை கையை ஆட்டி வேண்டாம் என்றான். பிறகு என் முழங்கையைப் பிடித்து ஒரு பள்ளத்தைத் தாண்டவைத்தான், உடனே கையை எடுத்துவிட்டான். அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. என்ன மனுஷன் இவன். கோபத்தோடும் இருக்கிறான், பள்ளத்தையும் பார்க்கிறான்.

நாமசாசு வந்து, வழியில் செடி கிடைத்தால் வைக்க என்று நான் தோளில் போட்டிருந்த மரச்சட்டத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை, அவர் விடவில்லை, கடைசியில் விட்டுவிட்டேன். அவர் முன்னாலும் போகவில்லை, பின்தங்கவும் இல்லை, எங்களோடு ஒட்டினாற்போல் வந்தார். தேயிலைத் தோட்டம் தாண்டியது, ஓடை தாண்டியது. ஓடையில் பெர்ஸிஸுக்காக ஒரு முள்கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மைல் ஆனதும் சார் என்னிடம் கேட்டார், "இவர் எதுக்கு வாறாரு?" தெரியாது சார் என்றேன். இரண்டாவது மைலில் பையன்களில் ஒருவன் சொன்னான், "நாம செடி எதையும் பிடுங்கிட்டுப் போயிடுவோம்னு பாக்காரு சார். காவல்." அது எல்லாருக்கும் பொருத்தமாகப்பட்டது. பொருத்தமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் வேறு தேடுவதில்லை. எங்கள் நடை வேகமானது. அவர் நடையும் வேகமானது. பெரியவரைப் பார்த்து நீங்கள் திரும்பிப் போங்கள் என்று எப்படிச் சொல்வது, நம் ஊரில் அது விரட்டுவதாகிவிடும், அதனால் மரியாதைக்காக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மைலும் வந்தார். தங்கும் விடுதியின் கேட் அருகே சட்டத்தை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். பையன்களில் ஒருவன் கேமராவில் ஒரு படம் எடுத்தான். நாங்கள் உள்ளே போனோம். அவர் நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நின்றுகொண்டுதான் இருந்தார். கால்மணி நேரத்துக்குப் பிறகு ஜீப் வந்தது. கம்வெண்டோ இறங்கி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, விடாமல், நெடுநேரம் ஏதோ பேசினான். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார், தனியாக, அந்த ஐந்து மைலை.

கம்வெண்டோ நேரே என்னிடம் வந்தான். அந்தக் கூட்டத்தில் அவன் என்னிடம்தான் பேசுவான், இரண்டு பேரும் கூலி வேலை என்பதால் இருக்கலாம். "நீங்கள் யாருமே அவரிடம் போதும் என்று சொல்லவில்லையா?" என்று கேட்டான். நான் விழித்தேன். அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரன் கூடவே நடந்து கொண்டுவந்து விடவேண்டும், அது அங்கே முறை. சாவு வீடானாலும் அப்படித்தான். போதும், இதோடு திரும்புங்கள் என்று விருந்தாளிதான் சொல்லவேண்டும். விருந்தாளி சொல்லாமல் வீட்டுக்காரன் திரும்பினால் விருந்தாளியை நடுவழியில் கைவிட்டதாகிவிடும். மரத்தடி தாண்டினதுமே நாங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் மனைவியைக் கிடத்தியிருந்த இடத்துக்குத் திரும்பியிருப்பார். "உங்கள் ஊரில் விருந்தாளியை யார் கொண்டுவந்து விடுவது? நாயா?" என்றான் கம்வெண்டோ. துக்க வீடென்றால் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவன் கேட்டான், "ஒருத்தனுக்குப் பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது அவன்கூட நடக்க ஆள் வேண்டாமா?" அந்தக் கேள்விக்கு இலை, காம்பு, ஆற்றங்கரை எதுவும் உதவவில்லை. சாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சார் குளிக்கப் போயிருந்தார். வந்தபிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு. பிறகு செடிகளுக்குத் தாள் மாற்றும் வேலை. மறுநாள் காலையில் அது பழைய விஷயமாகிவிட்டது.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்துக் கல்லூரி ஹாலில் கூட்டம். கலாச்சார வேறுபாடுகள் என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். நேரத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, வணக்கம் சொல்லவே பத்து நிமிஷம், சத்தமாகச் சிரிக்கிறார்கள், இப்படி. பெர்ஸிஸ் வந்தாள். "வெளியாட்களை அவங்க சுலபமா நம்புறதில்லை. ஒருத்தர், மனைவி இறந்த அன்னைக்குக்கூட, எங்க பின்னாலேயே அஞ்சு மைல் வந்து கண்காணிச்சார்" என்றாள். ஹாலில் சிரிப்பு. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்லைடு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். திரையில் கேட், கேட்டுக்கு வெளியே காக்கிக் கோட்டோடு அவர். கையைத் தூக்கினால் போதும், சார், அது அப்படி இல்லை என்று சொன்னால் போதும், சங்கரநாராயணன் சார் நிச்சயம் கேட்டிருப்பார். நான் பொத்தானை அழுத்தினேன். அடுத்து ஒரு தேக்கடி மாதிரியான ஏரி வந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு ஒரு காரணமாக இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு அது நல்ல காரணமாகவே இருந்தது.

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. தகரக் கூரை, சிமெண்டுப் பெஞ்சு, அதில் பள்ளிக்கூடப் பைகளோடு இரண்டு தாய்மார்கள். ஆவுடை பெஞ்சில் உட்காரவில்லை, கம்பத்தில் சாய்ந்தான். நானும் நிற்கிறேன். சரி, போங்க என்று சொல்வான் என்று காத்திருக்கிறேன். சொல்லவில்லை. சொன்னால் நான் போகவேண்டியிருக்கும். தெற்கே ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், அது நம் பஸ் இல்லை. அவள் பெயரை நடுவில் இழுக்காமல் பேச ஒரு வழி இருக்கிறது. அதை எடுத்தேன்.

"ஆவுடை."

"ம்."

"உங்க அக்காவுக்கு முடியாம இருந்தது... உனக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணல. என் தப்புதான். நான்தான் சொல்லல."

அவன் எதிரே இருந்த மின்மாற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பொய் சொல்லாதீக அத்தான்" என்றான். "அவதான் சொல்லாதீகன்னு சொல்லிருப்பா. எனக்குத் தெரியாதா அவள? கால்ல ஆணி குத்துனதை எங்க அய்யாகிட்ட மறைச்சு எட்டு நாள் நொண்டுன கழுத அவ. சொன்னாளா, இல்லையா?"

"சொன்னா."

"சொன்னா!" என்று கத்தினான். தாய்மார்கள் திரும்பினார்கள். "அவ சொன்னா நீங்க கேட்டுக்கிடுவீகளோ? நாப்பத்தாறு வருசத்துல அவ சொன்ன எதைக் கேட்டீக? மூக்குப்பொடியை விடுங்கன்னா, கேட்டீகளா? எங்க அம்மை செத்தப்ப ரெண்டு நாள் இருங்கன்னு அழுதா. இருந்தீகளா? காலேஜு, செடி, பேப்பருன்னு ஓடுனீக. பெத்துப் போட்ட ஒரு புள்ளையும் தங்கலைன்னு அவ கெடந்தப்ப ஆப்பிரிக்காவுக்குப் போகாதீகன்னு எம்முன்னாலதான் சொன்னா. நின்னீகளா? வாழ்நாள் பூரா கேக்காத மனுஷன், இந்த ஒண்ணை மட்டும் எப்படி அத்தான் கேட்டீக?"

பதில் எனக்குத் தெரியும். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு வசதியாக இருந்தது. சும்மா இருக்கச் சொன்னாள், சும்மா இருப்பது எனக்கு வரும். அவன் அழுவதை அவளால் தாங்க முடியாது என்றாள், என்னாலும் தாங்க முடியாது, அதனால் சரி என்றேன். இப்போது அவன் அழுகிறான். அவள் சொன்னது நிஜம்தான். என் மாமியார் வேட்டி கட்டிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்றேன். தாங்க முடியாதது என்று ஒன்றும் அதில் இல்லை. நாலு மாதத்தில் ஒரு நாள் இதை அவளும் பார்த்திருக்கலாம்.

"எனக்கு வசதியா இருந்துச்சுடே" என்றேன். "அதான் கேட்டேன்."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பாபநாசம் பஸ் வந்தது, கண்டக்டர் அம்பாசமுத்திரம், அம்பாசமுத்திரம் என்றான். ஆவுடை போய்ப் படியில் ஒரு காலை வைத்தான். கம்பியைப் பிடித்தான். பிறகு திரும்பி என் சட்டையைப் பார்த்தான்.

"வீட்டைப் பூட்டுனீகளா?"

"இல்ல."

"அறிவு இருக்கா" என்றான். கண்டக்டர் விசில் வாயோடு நின்றான். "ஏறுதீரா இல்லையா பெரியவரே?" ஆவுடை காலைக் கீழே எடுத்தான். பஸ் போனது. "போய்ப் பூட்டிட்டு, மாத்துத் துணி ரெண்டு எடுத்துட்டு வாங்க" என்றான். "அந்தச் சட்டையையும் ஒழுங்காப் போடுங்க. அடுத்த வண்டி நாலே காலுக்கு. அதுல போவோம்."

எவ்வளவு நாளைக்கு என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. திரும்பி நடந்தேன். டயர் கடை வரைக்கும் காதில் ஒன்றும் விழவில்லை. அங்கே வந்ததும் பயம் பிடித்தது. கோபம் ஆறியவன் எதையும் சொல்வான், நான் பூட்டித் திரும்புவதற்குள் வேறு வண்டி வரும், அவன் கால்கள் தானாக ஏறிவிடும், எனக்கு அப்படி எத்தனை தடவை ஆகியிருக்கிறது. வேப்பங்கிளைக்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அந்தத் தாய்மார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் என்று கையை ஆட்டினான்.